கம்பை விட்டால் நிற்குமா கால்?

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உதியன்குளங்கரையைத் தெரியாமல் இருக்காது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்தே தமிழ்நாடு. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி திருவிதாங்கூரின் தென்பகுதித் தாலுகாக்கள் நான்கு தமிழ்நாட்டுடன் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிற குடும்பங்கள் இன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு.

இந்தக் குடும்பங்களின் பெண் குழந்தைகளுக்கு நாட்டியம் புதிதல்ல. பள்ளிக்கூடக் கலோற்சவம் வந்துவிட்டால் பரதநாட்டியம், மோகினியாட்டம், குச்சுப்புடி என்று சலங்கைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். 1957-ல் தொடங்கிய மாநிலக் கலோற்சவம், 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்திலேயே நடந்தது.

அண்மைக் காலமாக இன்னொரு நாட்டியமும் செல்போன் வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதுதான் பாலே. கால் விரல்களின் நுனியில் நின்று, தரையைத் தொட்டும் தொடாமலும் மிதப்பதுபோல் ஆடும் ஐரோப்பிய நாட்டியம். பார்த்த குழந்தைக்குச் செய்து பார்க்க ஆசை வருவது இயற்கை. அதற்கான ஷூவையும் இப்போது வீட்டிலிருந்தே தருவித்துவிடலாம். முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அடுத்த நாள் கம்பியை விட்டுவிட்டு நிற்பது! ஆபத்து ஆரம்பமாவது இங்கேதான்.

பாலேயைத் தொழிலாகக் கொண்டவர்கள் அந்த ஒரு நாளுக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். ஏன்?

மூன்று விரல் மேல் முழு உடம்பு

நுனிக்காலில் ஆடுவதைப் 'பாயின்ட்' என்பார்கள். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது வேறு, இது வேறு. இதில் பாதம் முழுவதும் கணைக்காலோடு நேர்க்கோடாகிவிடும். உடம்பின் பாரம் அனைத்தும் பெருவிரலும் அடுத்த ஓரிரு விரல்களும் சேர்ந்த சிறிய இடத்தில் இறங்கும்.

அதற்கென்றே செய்த ஷூவில் இரும்போ மரமோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. துணியும் காகிதமும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி இறுகவைத்த கூடு விரல்களைச் சூழ்ந்திருக்கும். அடியில் தோலோ கெட்டி அட்டையோ வைத்த விறைப்பான பட்டை. மேலே சாட்டின் துணி. கணுக்காலில் சுற்றிக் கட்ட ரிப்பன். இவ்வளவுதான். வியர்வை பட்டால் பசை இளகும். பெரிய நடனக் குழுக்களில் முக்கிய வேடம் ஆடுபவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி தேய்ந்து போவதும் உண்டு. ஆகவே அவரைத் தூக்கி நிறுத்துவது ஷூ அல்ல. காலின் தசையும் இடுப்பின் பலமும்தான்.

டாக்லியோனி காட்டிய வழி

1832-ம் ஆண்டு பாரிஸ் ஆப்பெராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறியது. அதில் ஆடிய மரீ டாக்லியோனியே நுனிக்கால் ஆட்டத்தைக் கலையாக்கியவர் என்று சொல்வார்கள். அவருக்கு முன்பும் சிலர் விரல் நுனியில் நின்று காட்டியதுண்டு. ஆனால் அது வித்தை காட்டுவதாக இருந்தது. டாக்லியோனி காற்றில் உலவும் தேவதையாகவே தோன்றினார். அவர் அணிந்தது கூடு ஏதும் இல்லாத மெல்லிய சாட்டின் ஷூ. ஓரங்களில் நூலால் நெருக்கித் தைத்திருந்தார்கள், அவ்வளவே. அந்த ஷூவில் நிற்க முடிந்ததென்றால், தந்தை ஃபிலிப்போ கொடுத்த கடும் பயிற்சிதான் காரணம். ரஷ்யாவில் அவருடைய ரசிகர்கள் அவர் அணிந்த ஷூக்களை விலை கொடுத்து வாங்கி, சமைத்துத் தின்றார்கள் என்று ஒரு கதைகூட வழங்குகிறது!

பிறகு இத்தாலியப் பெண்கள் கெட்டியான ஷூவோடு வந்தார்கள். பியரினா லெஞானி என்பவர் 1893-ல் ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே காலில், எந்தப் பிடிப்பும் இல்லாமல், 32 முறை சுழன்று காட்டினார். 1895-ல் 'ஸ்வான் லேக்' பாலேயிலும் அந்த 32 சுற்றுகள் இடம்பெற்றன. ஒவ்வொரு சுற்றிலும் பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தி, உடம்பு திரும்பிய பிறகு தலையைச் சட்டென்று திருப்புவது அதன் சூட்சுமம். ரஷ்யப் பெண்கள் கூர்ந்து கவனித்து அதைக் கற்றுக்கொண்டார்கள்.

1890-ல் முதன்முதலாக ஆடப்பட்ட 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் இன்னொரு கடினமான இடம் இருக்கிறது. இளவரசியை மணக்க நான்கு ராஜகுமாரர்கள் வருகிறார்கள். அவள் ஒரு காலின் நுனியில் நின்றபடி ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பற்ற வேண்டும். இன்று ஆடப்படும் முறையில், ஒரு கையை விட்டு மறு கையைப் பிடிக்கும் இடைவெளியில் தன் கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தனியாக நிற்பாள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் இடம் இது. இளவரசியின் கதை ஒரு பக்கம் இருக்க, ஆடுகிறவரின் பல ஆண்டுப் பயிற்சிக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் பரீட்சை.

மதுரையில் பிறந்தவர் கற்ற பாலே

தமிழர்களுக்கும் இந்த நாட்டியத்துக்கும் பெரிய தொடர்பு ஒன்று உண்டு. அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய நடன மேதை 1920-களில் இருமுறை இந்தியா வந்தார். 1928-ம் ஆண்டு வாக்கில் பம்பாயில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். 1904-ல் மதுரையில் பிறந்தவர். அதன்பின் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் தற்செயலாக இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள். நட்பு வளர்ந்தது. பாவ்லோவா குழுவின் முன்னணிக் கலைஞர்களில் ஒருவரான கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்கத் தொடங்கினார்.

அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கைக் கடந்திருந்தது. பாலேயில் அந்த வயதில் தொடங்குவது மிகத் தாமதம். உங்கள் நாட்டிலேயே அருமையான நாட்டியம் இருக்கிறது, அதைத் தேடுங்கள் என்ற கருத்தில் பாவ்லோவா அவருக்கு யோசனை கூறினார். ருக்மிணி தேவி அதை மனத்தில் வாங்கிக்கொண்டார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றார். 1935-ல் அடையாறில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. 1986-ல் அவர் மறையும்வரை அதை வளர்த்தார்.

ஒரு கலையின் கம்பைப் பிடித்துச் சில அடிகள் நடந்தவர், அதை விட்டுவிட்டுத் தம் சொந்தக் காலில் வேறொரு கலையில் நின்றார். நாட்டுக்கு அதனால் லாபமே தவிர நஷ்டம் இல்லை.

நம்மிடம் இருந்த 'தண்டியம்'

பாலே பள்ளிகளில் சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் நீளமான கம்பு பொருத்தியிருப்பார்கள். 'பார்' என்று அதற்குப் பெயர். வகுப்பின் முதல் பாதி முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். பிறகு கம்பை விட்டுவிட்டு அறையின் நடுவுக்கு வந்து அதே பயிற்சியைச் செய்வார்கள்.

நம் நாட்டியத்தில் இப்படிக் கம்பு கிடையாதே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. கோயில் நாட்டிய மரபில் பெண் குழந்தைக்கு முதல் பாடம் தொடங்குவதையே 'தண்டியம் பிடித்தல்' என்றார்கள். குறுக்காகப் பிடித்த கழியைக் குழந்தை பற்றிக்கொள்ளும். நட்டுவனார் முதல் அடிகளைச் சொல்லிக் கொடுப்பார். கால் பழகியபின் கழிக்கு வேலை இல்லை. இன்றைய பரதநாட்டிய வகுப்புகளில் அந்தக் கழி இல்லை. நட்டுவனாரின் கையில் தாளம் போடும் தட்டுக்கழி மட்டும் இருக்கிறது.

கழி இல்லாவிட்டாலும் நுனிக்கால் இருக்கிறது. 'குதித்து மெட்டு' அடவில் இரு காலின் முன்பாதத்திலும் குதித்து நின்று, பிறகு குதிகாலைத் தட்ட வேண்டும். அரைமண்டியில் உட்கார்ந்த நிலையில், எதையும் பிடிக்காமல், மூன்று காலத்திலும் செய்ய வேண்டும். அடவை ஒழுங்காகக் கற்ற குழந்தைக்குக் கணுக்காலிலும் தொடையிலும் நல்ல பலம் சேர்ந்திருக்கும்.

கேரளத்தின் கதகளிக் கலைஞர்கள் பாதத்தின் வெளி விளிம்பில் நிற்கிறார்கள். பெருவிரல் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதற்காகச் சிறு வயதிலிருந்தே மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்து உழிச்சல் செய்து உடம்பைப் பதப்படுத்துகிறார்கள். தெற்குத் திருவிதாங்கூருக்கே உரிய தெக்கன் களரியிலும் கால் வைப்புதான் முதல் பாடம். களரியில் காலால் உழியும்போது மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்பவர் ஆசான். சீடனுக்குக் கயிறு இல்லை! நாட்டுக்கு நாடு முறை மாறினாலும் விஷயம் ஒன்றுதான். பாதத்தை இயற்கைக்கு மாறாக வைக்க வேண்டுமென்றால், அதற்கு முன் உடம்பைத் தயார் செய்தாக வேண்டும்.

கம்பு மறைக்கும் குறை

கம்பு உதவி செய்கிறது; கூடவே ஏமாற்றவும் செய்கிறது. கம்பை இறுகப் பிடித்திருக்கும் பெண் உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்திருப்பாள். அவளுக்கே அது தெரியாது. கை அவளை இழுத்து நிறுத்திக்கொண்டிருக்கும். கையை எடுத்த மறுகணம் பின்னால் விழுவாள். இன்னும் சிலர் கம்பின் மேல் பாரத்தை இறக்கிவிட்டு எழும்புவார்கள். அவர்களுக்குக் கெண்டைக்கால் தசை வேலையே செய்திருக்காது.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக் குண்டு விட்டுப் பார்ப்பார். அதே கணக்கு இங்கும் பொருந்தும். காது, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல் நுனி எல்லாம் ஒரே நூலில் வர வேண்டும். வயிறு உள்வாங்கி இருக்க வேண்டும். முழங்கால் மடியக் கூடாது. கணுக்கால் உள்ளேயோ வெளியேயோ சரியக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் கம்பு அதை மூடி மறைத்துவிடும். நடு அறை காட்டிக் கொடுத்துவிடும்.

சுண்டுவிரல் தொட்டாலும் போதும்

மனிதன் விழாமல் நிற்பதற்கு மூன்று உறுப்புகள் ஒத்துழைக்கின்றன. கண், காதின் உட்பகுதி, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி நரம்புகள். நான்காவதாகக் கையும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஜேக்கா, லாக்னர் ஆகியோர் 1994-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வியப்பானது. அசையாத ஒரு பொருளை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் போதும், உடம்பின் ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்தத் தொடுதலின் அழுத்தம் 100 கிராம் எடைக்கும் குறைவு. உடம்பைத் தாங்க அது போதவே போதாது. ஆனாலும் 'உடம்பு எந்தப் பக்கம் சரிகிறது' என்ற தகவலை அது மூளைக்குச் சொல்லிவிடுகிறது.

அதனால்தான் கம்பை லேசாகத் தொட்டபடி சிலைபோல் நிற்கும் பெண், விரலை எடுத்ததும் தள்ளாடுகிறாள். அவள் பலம் குறைந்துவிடவில்லை. மூளைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தகவல் நின்றுவிட்டது. இனி அந்த வேலையைப் பாதம் ஏற்க வேண்டும். பாதத்துக்கு அதைக் கற்றுக்கொடுக்க நாள் பிடிக்கும். ஷூ இல்லாமல், வெறும் தரையில் ஒற்றைக் காலில் நின்று, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்று பழகுவது அதற்கு நல்ல வழி. செலவும் இல்லை.

எந்த வயதில்?

நடன மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் இதற்கு ஒழுங்கு வகுத்திருக்கிறது. 12 வயதுக்கு முன் பாயின்ட் வேண்டாம். எட்டு வயதிலோ அதற்குப் பிறகோ பாலே தொடங்கி, வாரம் இருமுறையாவது வகுப்புக்குப் போகும் குழந்தை நான்காம் ஆண்டில் தொடங்கலாம். வாரம் ஒரே ஒரு வகுப்பு என்றால் ஊக்குவிக்க வேண்டாம். இடுப்பும் காலும் பலவீனமாக இருந்தாலோ, கணுக்கால் மூட்டு அளவுக்கு மீறி வளைந்தாலோ தள்ளிப்போட வேண்டும்.

வயது மட்டும் போதாது என்பதை இதிலிருந்து அறியலாம். இரு குழந்தைகளுக்கு ஒரே வயது இருக்கலாம். பலம் ஒன்றாக இருக்காது. அதனால் சில சோதனைகளும் உண்டு. ஒரு காலில் நின்று, உடம்பை முன்னால் சாய்த்து, மறு காலைப் பின்னால் நீட்டி, நின்ற காலின் முழங்காலை மடக்கிக் கை விரல்களால் தரையைத் தொட்டு எழும்ப வேண்டும். ஐந்து முறை செய்ததில் நான்கு முறையாவது இடுப்பு கோணாமலும் முழங்கால் உட்புறம் சாயாமலும் இருக்க வேண்டும். விமானம்போல் தோன்றுவதால் இதற்கு 'ஏரோப்ளேன் சோதனை' என்று பெயர்.

படி தாண்டாத பயிற்சி

நல்ல ஆசிரியர்கள் கையாளும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

முதலில் கம்பைப் பார்த்து நின்று, இரு கைகளாலும் பிடித்து, இரு கால்களில் எழும்பி இறங்குவது. வகுப்பின் முடிவில், உடம்பு சூடான பிறகு, சில நிமிடங்கள் மட்டும். எழும்புவதைவிட மெதுவாக இறங்குவதில் கண்டிப்பு அதிகம்.

அடுத்தது ஒரு கை. விரல்கள் கம்பின் மேல் படிந்திருக்கும். இறுகப் பிடிக்கக் கூடாது. பின் உச்சியில் நின்றபடி கையைக் கம்பிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தி, நான்கு எண்ணும்வரை, பிறகு எட்டு எண்ணும்வரை நிற்பது.

அதன் பிறகே நடு அறை. அங்கும் முதலில் இரு காலில் செய்யும் அடிகள் மட்டும். இரு கால்களையும் அகற்றி எழும்பிச் சேர்த்து இறங்குவது, நுனிக்காலில் குறுகிய அடிகளாக நகர்வது, இப்படி. ஒற்றைக் காலில் நிற்பது பின்னால் வரும். சுழல்வது அதற்கும் பின்னால்.

இந்த வரிசைக்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். தாண்டிப் போனால் கணுக்கால் சுளுக்கும். பெரும்பாலும் அது உச்சியில் நிற்கும்போது நேர்வதில்லை. பாதி இறங்கும் நிலையில்தான் பாதம் புரளும். பெருவிரலை மடக்கும் தசைநாண் கணுக்காலின் பின்புறம் வீங்குவதுண்டு. இரண்டாம் விரலுக்கு நேரான பாத எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதும் நடனக்காரர்களுக்குத் தெரிந்த தொல்லை. மெலிய வேண்டுமென்று பட்டினி கிடக்கும் பெண்களுக்கு இந்த விரிசல் எளிதில் வரும். இந்த வட்டாரத்தில் சுளுக்கு என்றால் வர்ம ஆசானை நாடுவது வழக்கம். ஆனால் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது, ஊன்ற முடியவில்லை என்றால், தடவிப் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுத் தரை வேறு

பாலே அறையின் தரை, அடியில் சற்று அமுங்கிக் கொடுக்கும்படி அமைந்த மரப்பலகை. வழுக்காமல் இருக்க ஷூ நுனியில் ராசின் பொடியைத் தேய்த்துக்கொள்வார்கள். வயலின் வில்லில் தேய்க்கும் அதே ராசின்தான். நம் வீடுகளில் சிமெண்டுத் தரை, மொசைக், இப்போது வழவழப்பான டைல்ஸ். முதல் இரண்டும் கடினம். மூன்றாவது கடினமும் வழுக்கலும். பிடித்துக்கொள்ள நாற்காலியை வைத்தால் அது கவிழும். கதவைப் பிடித்தால் அது திரும்பும். ஷூவின் அளவும் ஆளைப் பார்த்து, நிறுத்திவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது. எண்ணைச் சொல்லித் தருவித்தால் சரியாக அமைவது அபூர்வம்.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாலே எட்டாக் கனி என்று இதற்கு அர்த்தமல்ல. மும்பையில் எளிய குடும்பத்தில் பிறந்த அமீருதீன் ஷா, யெஹூதா மாவோர் என்ற ஆசிரியரிடம் பயின்று, 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனார். அவரோடு பயின்ற மனீஷ் சௌஹானும் புகழ் பெற்றார். இவர்களுடைய வாழ்க்கையைத் தழுவி 2020-ல் 'யே பாலே' என்ற திரைப்படமும் வந்தது. ஆண்கள் பெரும்பாலும் நுனிக்காலில் ஆடுவதில்லை. அது பெண்களுக்கே உரிய பகுதியாக இருந்துவருகிறது. ஆனால் இருவரும் காட்டிய பாடம் எல்லோருக்கும் பொது. அவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு ஷூவோ கண்ணாடி அறையோ அல்ல. தினமும் பக்கத்தில் நின்று பிழை திருத்திய ஓர் ஆசிரியர்.

பாறசாலைக்குப் பெருமை தேடித் தந்த பாறசாலை பொன்னம்மாள் 1924-ல் பிறந்தவர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் அவரே. அந்த மேடை அவருக்குக் கிடைத்தது 2006-ல். அதற்குள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார். அத்தனை ஆண்டுகளும் சாதகத்தை விடாமல் இருந்ததால்தான், மேடை வந்தபோது குரல் தயாராக இருந்தது.

கால் நுனியில் நிற்க ஆசைப்படும் குழந்தையை வீட்டார் அதட்ட வேண்டியதில்லை. ஆசை நல்லதுதான். தேர்ந்த ஆசிரியர் கிடைக்கும்வரை ஷூவை வாங்காமல், வெறுங்காலில் குதிகாலைத் தூக்கி மெதுவாக இறங்கப் பழகச் சொல்லலாம். பக்கத்தில் பரதநாட்டிய வகுப்பு இருந்தால் சேர்த்துவிடலாம். அங்கே சேரும் பலம் வீண் போகாது.

கம்பை எப்போது விடலாம் என்று பாலே ஆசிரியரைக் கேட்டால் தேதி சொல்லமாட்டார். சுவரில் பொருத்தாமல், தரையில் தூக்கி வைக்கும் இலேசான கம்பைக் கொண்டுவந்து பிடிக்கச் சொல்வார். எழும்பும்போதும் இறங்கும்போதும் அந்தக் கம்பு கொஞ்சமும் அசையவில்லை என்றால், அவளுக்கு இனி அது தேவையில்லை என்று பொருள்.